டைன்ஹம்: திரும்பி வருவோம் என எழுதிவிட்டுச் சென்றவர்களின் கிராமம்

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தின் கடலோரப் பள்ளத்தாக்கு ஒன்றில் அமைந்துள்ளது டைன்ஹம். அங்கே தேவாலயம் இருக்கிறது, பாடசாலை இருக்கிறது, கூரையிழந்த கல்வீடுகளின் சுவர்கள் இருக்கின்றன. குடியிருப்பவர் எவரும் இல்லை.

விவசாயமும் மீன்பிடியுமே இக்கிராமத்தின் வாழ்வாதாரம். காணிகள் 1683 முதல் பொண்ட் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தன. கிராமத்தவர்களில் பெரும்பாலானோர் வாடகைக் குடியிருப்பாளர்கள். பிள்ளைகள் குறைந்ததால் பாடசாலை 1932இலேயே மூடப்பட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, அருகிலுள்ள லல்வேர்த் டாங்கிச் சுடுதளத்தை விரிவாக்க யுத்த அலுவலகம் முடிவு செய்தது. 1943 நவம்பரில் வெளியேற்றக் கடிதங்கள் வந்தன. கொடுக்கப்பட்ட அவகாசம் ஏறத்தாழ ஒரு மாதம். நத்தாருக்கு முன்னர் 225 பேர் இடம்பெயர்ந்தனர். தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பேணுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று தேவாலயக் கதவில் ஒரு கடிதத்தை ஒட்டிவிட்டே அவர்கள் சென்றனர்.

யுத்தம் 1945இல் முடிந்தது. மீள்குடியேற்றம் நடக்கவில்லை. 1948இல் பள்ளத்தாக்கு முழுவதையும் அரசு கட்டாயக் கொள்வனவு செய்தது. காணி உறுதி இல்லாத வாடகைக் குடியிருப்பாளர்களுக்குக் கிடைத்தது, தோட்டத்தில் விட்டுவந்த மரக்கறிகளுக்கான நட்டஈடு மட்டுமே.

1968இல் காணி விடுவிப்புக்கான இயக்கம் ஒன்று உருவானது. பாதுகாப்புத் துறையின் காணிகளை ஆராய்ந்த நியூஜென்ட் குழு, லல்வேர்த் சுடுதளத்தை விடுவிக்கலாம் என்று 1973இல் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அரசாங்கம் அதை நிராகரித்தது. மக்கள் வந்து பார்த்துச் செல்ல மட்டும் பின்னர் அனுமதி கிடைத்தது. வில்ட்ஷயரில் அதே 1943 டிசம்பரில் வெறுமையாக்கப்பட்ட இம்பர் கிராமத்துக்கும் இதே கதிதான். அங்கு ஆண்டில் சில நாட்களே வாயில் திறக்கப்படுகிறது.

பொண்ட் குடும்பத்தின் பழைய மாளிகையின் பெரும்பகுதி 1960களின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டது. தேவாலயமும் பாடசாலையும் இன்று காட்சிக்கூடங்கள். வகுப்பறையில் மேசைகளும் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. உழவும் உரமும் இல்லாததால் காட்டுப் பூக்களும் பறவைகளும் பெருகியுள்ளன. இதையே நல்விளைவாகச் சுட்டிக்காட்டுவோரும் உண்டு.

பெரும்பாலான வார இறுதிகளிலும் விடுமுறைக் காலங்களிலும் எவரும் அங்கு செல்லலாம். பாதையை விட்டு விலகக்கூடாது. வெடிக்காத குண்டுகள் இன்னும் நிலத்தில் உள்ளன. சுடும் பயிற்சி நடக்கும் நாட்களில் வாயில் மூடப்படும். கிராமத்தவரின் பேரப்பிள்ளைகளும் மற்றவர்களைப் போல வந்து பார்க்கலாம். மாலையானதும் அவர்களும் வெளியேறியாக வேண்டும்.