செவிலியும் குடும்பமும்: பிரித்தானியச் செவிலியர் கல்வியில் இல்லறப் பெண்களின் இடம் (1860–2020)

முன்னுரை

தமிழ்நாட்டில் செவிலியர் என்றும், இலங்கையிலும் மலேசியாவிலும் தாதியர் என்றும் வழங்கும் தொழிற்பெயர்கள் இரண்டும் குடும்பத்துக்குள்ளிருந்து பிறந்தவை. அகத்திணை மரபில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தோழி அச்செவிலியின் மகள் என்பது தொல்காப்பியம் காட்டும் உறவுமுறை. எனவே, பிறர் மகளைப் பேணிய செவிலிக்குத் தன் மகளும் உடனிருந்தாள். பேணும் பணிக்காக அவள் தன் தாய்மையைத் துறக்கவில்லை. தாதி என்னும் வடசொல்லும் முதலில் வளர்ப்புத்தாயையே குறித்தது. இச்சொற்களால் தமிழில் அறியப்பட்ட நவீன செவிலியர் கல்வியோ, குடும்பப் பொறுப்பு ஏதும் இல்லாத பெண்ணொருத்தியை மனத்திற்கொண்டு கட்டப்பட்டது.

இக்கட்டுரை, 1860 முதல் 2020 வரையிலான பிரித்தானியச் செவிலியர் கல்வியின் வரலாற்றை இந்த முரணை மையமாகக் கொண்டு நோக்குகிறது. அக்கல்விமுறை தமிழகத்துக்கு வந்தது. பின்னர்த் தமிழ்ப் பெண்களும் அதனை நாடிப் பிரித்தானியாவுக்குச் சென்றனர். குடும்பமுடைய பெண்கள் செவிலியர் படிப்பை முடிப்பதும் இடையில் நிறுத்துவதும் அவரவர் மனஉறுதியைப் பொறுத்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. அவ்வாறன்றி, அவர்களுக்கு நேர்ந்த இடர்கள் பெரும்பாலும் பயிற்சியின் அமைப்பிலேயே வேர்கொண்டவை என்பதும், அமைப்பு ஏற்காத செலவைக் குடும்பங்களே ஏற்றன என்பதும் இங்கு நிறுவ முற்படும் கருத்துகள்.

1. விடுதியும் விதியும்

கிரிமியப் போரின்போது பொதுமக்களிடம் திரட்டிய நைட்டிங்கேல் நிதியைக் கொண்டு, 1860-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதல் அணியில் 15 பேர் சேர்ந்தனர். 25 முதல் 35 வயது வரையிலானோர் விரும்பப்பட்டனர். உணவு, உறைவிடம், சீருடை ஆகியவற்றுடன் ஆண்டுக்கு 10 பவுன் வழங்கப்பட்டது. பயிற்சிக்காலம் ஓராண்டு, அதன்பின் நிதிக்குழு அனுப்பும் மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும். மாணவியின் நேரந்தவறாமை, தூய்மை, நடத்தை முதலியன மாதந்தோறும் ஏட்டில் மதிப்பிடப்பட்டன.

இத்திட்டத்தின் அச்சாணி விடுதி. அக்கால இங்கிலாந்தில் மருத்துவமனைப் பணிப்பெண்ணுக்கு நற்பெயர் இல்லை. மகளை அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு விடுதி பாதுகாப்பின் உறுதியாயிற்று. அதேவேளை, இரவும் பகலும் அழைத்த நேரத்தில் வந்து நிற்கும் உழைப்பையும் அது மருத்துவமனைக்குத் தந்தது. இவ்விரு நோக்கங்களும் ஒன்றிணைந்த இடத்தில் குழந்தைக்கோ கணவனுக்கோ முதிய பெற்றோருக்கோ இடமிருக்க வாய்ப்பில்லை.

எனினும், அப்பள்ளியின் முதல் தலைமைச் செவிலியாக விளங்கிய சாரா வார்ட்ரோப்பர், பிள்ளைகளுடன் கைம்பெண்ணான பின்னரே மருத்துவமனைப் பணிக்கு வந்தவர். குடும்பச் சுமையே அவரை இத்தொழிலுக்குக் கொண்டுவந்தது. அவர் மேற்பார்வையில் உருவான முறையோ அத்தகைய ஒருத்தியை மாணவியாகக் கருதிப்பார்க்கவில்லை. எத்தல் பெட்போர்டு பென்விக்கின் வாழ்வு இதன் மறுபக்கம். 24 வயதில், 1881-இல், புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் தலைமைச் செவிலியான அவர், 1887-இல் திருமணத்தை ஒட்டிப் பதவியை விட்டு விலகினார். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிச் செவிலியர் பதிவுச் சட்டத்தை 1919-இல் நிறைவேறச் செய்தவர்களுள் அவர் தலையாயவர். அரசுப் பதிவேட்டின் முதல் எண் அவருடையது. தொழிலுக்குச் சட்டத் தகுதி பெற்றுத் தந்தவரே மணமானபின் மருத்துவமனைப் பணியில் தொடரவில்லை.

திருமணம் செய்தவர் விலக வேண்டும் என்னும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பரவலாக நீடித்தது. இரண்டாம் உலகப்போர்க் கால ஆட்பற்றாக்குறை அதனைத் தளர்த்தியது. ஆயினும் மாணவியர் வாழ்க்கை மாறவில்லை. விடுதிக் கதவு இரவில் குறித்த நேரத்தில் பூட்டப்படும். தாமதமாகத் திரும்ப அனுமதிச்சீட்டு வேண்டும். காலையில் சில மணி நேரமும், இடைவெளி விட்டு மாலையில் சில மணி நேரமும் எனப் பணி பிரிக்கப்பட்டிருந்தது. வீடு சென்று திரும்ப வேண்டிய பெண்ணுக்கு இதைவிடக் கடினமான நேரமுறை அமைந்திருக்க முடியாது.

2. தமிழ் நிலத்தில் அதே முறை

மதராஸ் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. அந்நியர் உடலைத் தொடுதல், கழிவகற்றல், இரவில் வீட்டுக்கு வெளியே தங்குதல் ஆகிய மூன்றும் சாதிச் சமூகம் பெண்ணுக்கு விலக்கியவை. ஆகவே தொடக்க காலத்தில் பயிற்சிக்கு வந்தோருள் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர் ஆகியோரே மிகுதி. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கு 1946-இல் செவிலியப் பட்டப்படிப்பு உருவாயிற்று. இடையே 1926-இல் மதராஸ் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் சட்டம் பதிவுமுறையை நிறுவியது.

இங்கிலாந்தில் நற்பெயரின் காவலாக இருந்த விடுதி, தமிழ் நிலத்தில் வேறொரு பொருளையும் பெற்றது. கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட பெண்ணுக்கு அது உணவும் உறைவிடமும் ஊதியமும் ஒருங்கே தரும் புகலிடம். ஆனால் உள்ளே நுழைய அவள் தன் குழந்தையைத் தாயிடமோ உறவினரிடமோ விட்டுவர வேண்டும். தொழிலின் சமூக மதிப்பும் உயரவில்லை. பிரித்தானிய இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 7,000 செவிலியரே, அதாவது 43,000 மக்களுக்கு ஒருவரே, இருப்பதாக 1946-இல் போர் குழு அறிக்கை கணக்கிட்டது. அவர்களுடைய தங்குமிடமும் பணிச்சூழலும் தாழ்ந்திருப்பதையும் அது சுட்டிக்காட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர்.

3. இரண்டு ஏடுகள்

தேசிய நலச் சேவை 5 சூலை 1948-இல் தொடங்கியபோது பிரித்தானிய மருத்துவமனைகளில் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. பொதுநல நாடுகளிலிருந்து இளம்பெண்கள் மாணவியராக அழைக்கப்பட்டனர். கரீபியன் தீவுகளே இதில் முதன்மை பெற்றன. மலேயா, மொரிசியசு, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சென்றோருள் தமிழரும் இருந்தனர். கல்விக் கட்டணம் இல்லை, உறைவிடம் உண்டு, மாதந்தோறும் படித்தொகை உண்டு. பல்கலைக்கழகப் படிப்புக்கு வழியில்லாத குடும்பத்து மகளுக்கு அது உயர்கல்வியின் வாயிலாகத் தோன்றியது. மாணவியே சம்பாதிப்பவளாகவும் இருந்ததால், பெற்ற தொகையில் ஒரு பகுதி தம்பி தங்கையரின் படிப்புக்கும் சகோதரியின் சீதனத்துக்கும் ஊருக்குச் செல்ல வேண்டியிருந்தது. குடும்பப் பொறுப்பு என்பது பிள்ளை வளர்ப்பு மட்டுமன்று. மணமாகாத மூத்த மகளின் தோளிலும் அது இருந்தது.

இவ்விடத்தில் ஒரு சட்ட நுணுக்கம் பல வாழ்வுகளின் திசையை மாற்றியது. 1943-ஆம் ஆண்டுச் செவிலியர் சட்டம் இரண்டாம் நிலை ஏடொன்றை உருவாக்கியது. மூன்றாண்டுப் பயிற்சி பெற்றவர் அரசுப் பதிவு பெற்ற செவிலியர். இரண்டாண்டு பயின்றவர் துணைநிலைச் செவிலியர். பின்னவர் 1961 முதல் ஏட்டுச் செவிலியர் எனப் பெயர் மாற்றம் பெற்றனர். வெளிநாட்டு மாணவியருள் பலர், வேறுபாடு விளக்கப்படாமலேயே இரண்டாண்டுப் பயிற்சியில் சேர்க்கப்பட்டனர். அத்தகுதிக்குப் பதவி உயர்வு குறைவு. தாய்நாடுகள் பலவற்றில் ஏற்பும் இல்லை. இதனை உணர்ந்தபின் முழுப் பதிவுக்காக மீண்டும் மாணவியாக வேண்டியிருந்தது. அதற்குள் பலருக்குத் திருமணமாகிப் பிள்ளைகளும் பிறந்திருந்தனர். தனியாக இருந்த காலத்தில் முடித்திருக்கக்கூடிய படிப்பைக் குடும்பத்தோடு முடிக்க வேண்டிய நிலையை அமைப்பே உண்டாக்கியது.

சட்டங்கள் மெல்ல மாறின. 1975-ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுச் சட்டம், மணமானவர் என்பதற்காக வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. அதே ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டம் மகப்பேற்று விடுப்பு உரிமையை வழங்கியது. எனினும் இரவுப்பணிக்கு வரமுடியாதவர் முழுமையான செவிலி அல்லர் என்னும் எண்ணத்தைச் சட்டம் அகற்றவில்லை.

4. ஊதியத்திலிருந்து கடனுக்கு

செவிலியர் கல்வியைச் சீரமைக்கும் 'திட்டம் 2000' 1986-இல் முன்மொழியப்பட்டு, 1989 முதல் நடைமுறைக்கு வந்தது. மாணவியர் மருத்துவமனையின் மலிவான கைகளாக இருத்தல் கூடாது என்பது அதன் உயரிய நோக்கம். பயிற்சி உயர்கல்வி நிறுவனங்களுக்கு நகர்ந்தது. இரண்டாண்டுப் பயிற்சி படிப்படியாக நின்றது. ஊதியத்துக்குப் பதிலாக உதவித்தொகை வந்தது. 2013 முதல் இங்கிலாந்தில் புதிதாகச் சேரும் அனைவருக்கும் பட்டப்படிப்பே நுழைவாயிலாயிற்று. 2017-இல் புதிய மாணவர்க்கான உதவித்தொகை இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டு, கட்டணமும் கடனும் அவ்விடத்தைப் பிடித்தன. 2020 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுன் திருப்பித்தரவேண்டாத உதவியும், பிள்ளைகளை உடையோர்க்குக் கூடுதல் உதவியும் அறிமுகமாயின.

அறிவுநிலையில் இது ஏற்றமே. பொருள்நிலையில் அதன் விளைவு வேறு. 1960-களின் மாணவி விடுதிக்குள் கட்டுண்டிருந்தாலும் ஊருக்குப் பணம் அனுப்பினாள். 2017-க்குப் பிந்தைய மாணவி விடுதியிலிருந்து விடுபட்டாலும் கடனாளியாகிறாள். இளம் மாணவியைவிட, வாடகையும் பிள்ளைகளும் உடைய முதிய மாணவியையே இம்மாற்றம் கூடுதலாக அழுத்தியது.

5. 2,300 மணி நேரம்

பதிவு பெறுவதற்குரிய படிப்பு 4,600 மணி நேரம் கொண்டது. அதில் பாதி, 2,300 மணி நேரம், நோயாளர் நடுவே பெறும் களப்பயிற்சி. தவறிய மணி நேரத்தைப் பின்னர் ஈடுசெய்தே ஆக வேண்டும். இவ்விதி நோயாளரின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது. அதன் எடை மட்டும் எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை.

1983-க்குப் பின் பிரித்தானியாவில் புகலிடம் தேடிய ஈழத்தமிழர், இலண்டனின் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ முதலிய பகுதிகளில் வாழத் தொடங்கினர். போரால் கல்வி இடையறுந்த பெண்கள் செவிலியராக விரும்பினால் பாதை நீண்டது. பராமரிப்பு இல்லத்தில் உதவியாளர் வேலை, ஆங்கிலமும் கணிதமும், உயர்கல்விக்கான நுழைவுப் பாடநெறி, அதன்பின் பல்கலைக்கழகம் என அது அமையும். புகலிடக் கோரிக்கை முடிவாகாதவர்க்கு மாணவர் கடன் இல்லாமையால் காத்திருப்பு ஆண்டுகளும் அதனுடன் சேரும்.

களப்பயிற்சியின் நாள்முறை காலை ஏழரை மணியளவில் தொடங்கி இரவு எட்டு மணி வரை நீளக்கூடியது. குழந்தைகள் காப்பகமோ எட்டு மணியளவில் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடும். இந்த இடைவெளியே செவிலியர் கல்வியில் குடும்பப் பெண்ணின் முழுச் சிக்கலையும் காட்டும் அளவுகோல். தமிழ்க் குடும்பங்களில் அதனை நிரப்பியோர் அம்மம்மாவும் அப்பம்மாவும். இரவுவேலை முடித்து வந்து உறங்காமல் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற கணவர். அடுத்த வீட்டு அக்கா. அவர்களுடைய உழைப்பு எந்தக் கல்வி நிறுவனத்தின் வரவுசெலவிலும் இடம்பெறுவதில்லை. போர், அந்த அம்மம்மாவை நாடுகடந்து பிரித்துவைத்திருந்த குடும்பத்தில் இடைவெளி இடைவெளியாகவே நின்றது.

கல்விப் பண்பாட்டின் வேறுபாடும் இங்குக் குறிப்பிடத்தக்கது. மருந்தளவுக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு பெற வேண்டும் என்னும் விதி, எழுத்துத் தேர்வில் பழகிய தமிழ் மாணவியர்க்குப் புதிதன்று. கடினமாக இருந்தது, தன் பணியனுபவத்தைத் தானே ஆய்ந்தெழுதும் கட்டுரை. கிரகாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த சிந்தனைச் சுழற்சியைப் பின்பற்றி, நிகழ்ந்தது யாது, உணர்ந்தது யாது, எங்குத் தவறினேன் எனத் தன்மை ஒருமையில் எழுத வேண்டும். ஆசிரியர் முன் தன் பிழையை விவரித்தலும் உணர்ச்சியைப் பதிவுசெய்தலும் அடக்கத்தையே ஒழுக்கமாகப் பயின்றவர்க்கு மொழிபெயர்ப்பினும் அரிய செயல்கள். பிள்ளைகள் உறங்கிய பின் கிடைக்கும் இரவுப் பொழுதிலேயே இப்பயிற்சியும் நிகழ வேண்டியிருந்தது.

முடிவுரை

நூற்று அறுபது ஆண்டுகளில் விடுதிப் பூட்டு அகன்றது. திருமணத் தடை நீங்கியது. இரண்டாம் ஏடு மறைந்தது. தொழில் பட்டத்தகுதி பெற்றது. பயிற்சியின் நேரமுறை மட்டும், வீட்டில் எவரும் காத்திராத பெண்ணையே இன்றும் எதிர்பார்க்கிறது. படிப்பை நிறுத்தியவரைத் தோற்றவர் என்றும், முடித்தவரை வீராங்கனை என்றும் கொள்ளும் இரு பார்வைகளும் இந்த அமைப்பை மறைக்கின்றன.

இவ்வரலாற்றின் சான்றுகள் நிறுவன ஆவணங்களில் பாதியே உள்ளன. மறுபாதி மனித நினைவில் உள்ளது. 1960-களில் மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற முதல் தலைமுறையினர் இன்று எண்பது வயதை ஒட்டியவர்கள். அவர்களுடைய வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்தல் புலம்பெயர் தமிழாய்வின் உடனடிக் கடமை. அப்பதிவில் பட்டம் பெற்றவரோடு, இடையில் நிறுத்தியவரும், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அம்மம்மாவும் இடம்பெற வேண்டும். தோழியைத் தன் மகளாகவும் தலைவியைத் தன் வளர்ப்பாகவும் ஒரே மடியில் ஏந்திய செவிலியைத் தமிழ் இலக்கியம் அறியும். அப்பெயரைத் தொழிலுக்குச் சூட்டிய சமூகம், செவிலிக்கும் ஒரு மகள் உண்டு என்பதைத் தன் வரலாற்றெழுத்தில் மறத்தல் தகாது.