செங்கடல் துறைமுகத்தின் சரக்குச் சீட்டுகள்: எழுதி வைத்தவர்களின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எகிப்தின் செங்கடற்கரையில் குஸைர் என்றொரு பழந்துறைமுகம் உண்டு. அதன் பழைய குடியிருப்புப் பகுதியில் 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று பருவங்களாக அகழாய்வு நடத்தினர். அங்கே ஒரு வீட்டின் இடிபாடுகளிலிருந்து அரபு எழுத்துகள் கொண்ட காகிதத் துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டன. அய்யூபியர் ஆட்சிக்காலமாகிய 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்வீடு அபூ முஃபர்ரிஜ் என்ற ஷைகு ஒருவரின் வணிக இல்லமாகவும் கிடங்காகவும் இருந்தது. வறண்ட பாலைவனக் காலநிலையே அக்காகிதங்களை எண்ணூறு ஆண்டுகள் காத்து வைத்தது.

அவற்றில் அரச ஆணைகளோ காவியங்களோ இல்லை. பெரும்பாலானவை சரக்குச் சீட்டுகளும் கணக்குகளும் வணிகக் கடிதங்களுமே. இன்னாரிடம் இவ்வளவு கோதுமை கொடுத்தனுப்பப்பட்டுள்ளது, இவ்வளவு மாவு வருகிறது, பெற்றுக்கொள்க என்பது போன்ற சிறு குறிப்புகள். வணிகக் கடிதத்தையும் பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்குவது அக்கால மரபு. அதே வீட்டில் துஆக்களும் ஜும்ஆ குத்பாவின் பகுதிகளும் கிடைத்துள்ளன. சந்தைக்கு ஒரு மார்க்கம், மஸ்ஜிதுக்கு ஒரு மார்க்கம் என்று அவர்கள் பிரித்து வைக்கவில்லை.

கைமாறும் பொருளும் காகிதமும்

நைல் நதிக்கரை விளைச்சல் கூஸ் நகரில் சேர்ந்து, ஒட்டகங்களின் முதுகில் பாலைவனம் கடந்து குஸைரை அடையும். அங்கிருந்து கப்பலேறி ஹிஜாஸ் கரைக்குச் செல்லும். ஹரமைன் வாழ் மக்களும் ஹாஜிகளும் உண்ட தானியத்தில் எகிப்தின் பங்கு பெரிது. அனுப்பியவர், ஒட்டகக்காரர், கிடங்கு வைத்திருப்பவர், கப்பல் தலைவர், பெறுபவர் என ஒரு மூட்டை பலர் கைகளில் மாறிச் செல்லும்.

கூலிக்குச் சுமப்பவரின் கையில் உள்ள பொருள் அமானிதம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்து. அவருடைய கவனக்குறைவின்றி அழிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. அலட்சியத்தால் அழிந்தால் ஈடு செய்தே ஆகவேண்டும். அப்படியாயின், அவர் பெற்றது எவ்வளவு, ஒப்படைத்தது எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும். சீட்டு இல்லாவிட்டால், இடையில் ஒரு மூட்டை குறையும்போது நேர்மையாளரும் திருடரும் ஒரே வரிசையில் நிற்க நேரிடும். ஆகவே அச்சீட்டு உரிமையாளரின் செல்வத்தையும் காத்தது. சுமந்தவரின் மானத்தையும் காத்தது.

இத்தகைய வழக்குகளைப் பற்றி நம் முன்னோர் தனி நூலே இயற்றியுள்ளனர். ஹிஜ்ரி 310இல் மறைந்த முஹம்மத் இப்னு உமர் அல்கினானீ என்ற மாலிகி அறிஞர், கப்பல் வாடகை குறித்தும் கப்பலைச் சார்ந்தோரிடையே எழும் பிணக்குகள் குறித்தும் எழுதினார். புயலில் கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிந்தால் அந்த இழப்பை யார் யார் எவ்வாறு ஏற்பது என்பதும் அதில் ஆராயப்படுகிறது. ஒவ்வொருவரும் ஏற்றிய சரக்கின் அளவு தெரியாமல் அந்தப் பங்கீடு எவ்வாறு நடைபெறும்?

குஸைருக்கும் நமக்கும் ஒரு பழந்தொடர்பும் உண்டு. இஸ்லாத்திற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, ரோமர் காலத்தில், அத்துறைமுகத்திற்குத் தமிழ் வணிகர் சென்றுள்ளனர். கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்ட பானை ஓடுகள் அங்கே கிடைத்துள்ளன.

"நம்பிக்கை இல்லையா?"

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது பேசுவது கடனை எழுதி வைப்பதைப் பற்றி. சிறிதாயினும் பெரிதாயினும் தவணையுடன் எழுதிவைக்கச் சோர்வடையாதீர்கள் என அது அறிவுறுத்துகிறது. எழுத்தரும் சாட்சியும் துன்புறுத்தப்படலாகாது என்றும் கூறுகிறது. இக்கட்டளை கடமை என்றார் இமாம் தபரீ. பெரும்பாலான அறிஞர்கள் இதனை விரும்பத்தக்கது என்றனர். இரு சாராரில் எவரும் எழுதுவதை நம்பிக்கைக் குறைவு என்று கூறவில்லை.

நம் குடும்பங்களில் நடப்பது என்ன? வளைகுடாவில் உழைக்கும் தம்பி வீடு கட்ட அண்ணனுக்குப் பணம் அனுப்புகிறார். ஊர் செல்லும் நண்பரிடம் மகளுக்கான நகையைக் கொடுத்தனுப்புகிறார். மைத்துனரோடு கூட்டாகக் கடை வைக்கிறார். எழுதிக்கொள்வோமா என்று எவரேனும் கேட்டால், "என் மீது நம்பிக்கை இல்லையா?" என்ற ஒரே கேள்வியில் அவர் வாயடைத்துப் போகிறார். பின்னர் ஒருவர் வஃபாத்தானதும், என்ன வரவேண்டும், என்ன தரவேண்டும் என்று அறியாமல் அவருடைய மனைவி மக்கள் ஜமாஅத் அலுவலகத்தின் வாசலில் நிற்கின்றனர்.

திர்மிதியில் பதிவான ஓர் அறிவிப்பை இங்கே எண்ணிப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் அத்தாஉ இப்னு காலித் (ரலி) அவர்களுக்குச் செய்த ஒரு விற்பனையை, வாங்கியவர், விற்றவர் பெயர்களோடும், அதில் குறையோ வஞ்சகமோ இல்லை என்ற உறுதியோடும் எழுதிக் கொடுத்தார்கள். அல்அமீன் என்று பகைவரும் போற்றிய பெருமானாரே எழுதிக் கொடுத்திருக்க, நம்மிடம் எழுத்தைக் கேட்பவர் நம்மை அவமதிப்பதாக நாம் கருதுவது எவ்வாறு தகும்?

இன்று கப்பல் நிறுவனங்கள் வழங்கும் பில் ஆஃப் லேடிங், சரக்கைப் பெற்றதற்கு ரசீதாகவும், சுமக்கும் ஒப்பந்தத்திற்குச் சான்றாகவும், சரக்கின் உரிமை ஆவணமாகவும் பயன்படுகிறது. முன்பின் அறியாதவர்கள் கோடிக்கணக்கான மதிப்புள்ள பொருளை அதனை நம்பியே கைமாற்றுகின்றனர். உடன்பிறந்தவரோடு உறவைக் காக்க நமக்கு அவ்வளவு பெரிய ஆவணம் தேவையில்லை. தேதி, தொகை, பொருள், இருவர் கையொப்பம், சாட்சிகள். அரைப் பக்கம் போதும்.

இவ்வாரமே நம் கொடுக்கல் வாங்கல்களை எழுதி, வீட்டார் அறியும் இடத்தில் வைப்போமாக. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைத்தவர்களாக நம்மை வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.