சுருட்டும் சுங்கமும்

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. சேந்தமங்கலம் பக்கமிருந்து மலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் காரவள்ளிக்குப் போவார்கள். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் முனியப்பனுக்கும் கருப்பனாருக்கும் படையல் போட்டால், அதில் சுருட்டு வைப்பதும் வழக்கம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவர் லீவில் ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாமிக்கும் ஆச்சு, மாமாவுக்கும் ஆச்சு என்று ஒரு பெட்டி ஹவானா சுருட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். பெட்டியில் 25 சுருட்டு. இங்கிருந்து அருகில் இருக்கும் பன்னாட்டு விமான நிலையம் திருச்சி. அங்கே இறங்குகிறார். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு பயணப்பை விதிகளில் சொல்லப்பட்ட அளவு 100 சிகரெட், அல்லது 25 சுருட்டு, அல்லது 125 கிராம் புகையிலை. ஆகவே அவர் பெட்டிக்கு வரி இல்லை.

அதே பெட்டியோடு அவர் சிங்கப்பூருக்குள் நுழைந்தால்? அங்கே புகையிலைக்கு இலவச அளவு என்பதே கிடையாது. முதல் சுருட்டிலிருந்தே வரி கட்ட வேண்டும். அமெரிக்காவில் இறங்கினால்? சுருட்டு கியூபாவில் செய்தது என்பதால் பெட்டியே பறிபோகும்.

சுருட்டு ஒன்றுதான். ஆனால் ஓர் ஊரில் அது பரிசு, ஓர் ஊரில் வரிப்பொருள், ஓர் ஊரில் குற்றம். இந்தக் கோடுகளை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள், கோட்டைத் தாண்ட யாருக்கு மட்டும் வழி விட்டார்கள் என்று பார்த்தால் நானூறு வருட வரலாறு கிடைக்கிறது. அதில் நம் ஊர்க் கதையும் நிறைய இருக்கிறது.

மன்னர்கள் போட்ட தடை

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் மூலம் 1600ஐ ஒட்டிய காலத்தில் இந்தியாவில் பரவியது. அது எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அரசர்களுக்குத் தலைவலி வந்தது. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குப் புகை என்றாலே ஆகாது. 1604ல் அவர் ஒரு பவுண்டு புகையிலைக்கு 2 பென்ஸாக இருந்த வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸாக ஏற்றினார். அதாவது நாற்பது மடங்கு!

இங்கே மொகலாய மன்னர் ஜஹாங்கீர் 1617ல் புகையிலைக்குத் தடை போட்டார். பாரசீகத்தின் ஷா அப்பாஸும் தன் நாட்டில் தடை போட்டிருந்தார். இந்தச் சமயத்தில் ஜஹாங்கீரின் தூதராகப் பாரசீகம் போயிருந்தவர் கான் ஆலம். அவருக்கோ புகையில்லாமல் ஒரு நிமிடம் இருக்க முடியாது. விஷயம் ஷாவின் காதுக்குப் போனது. தடை போட்ட அதே ஷா, தூதருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டார். இதை ஜஹாங்கீரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு நாட்டிலும் தடை, ஆனால் தூதருக்கு மட்டும் விலக்கு. சட்டம் ஒன்று, வாசல் இரண்டு. இந்தக் கதை பின்னால் பலமுறை திரும்ப வரும்.

கம்பெனிக்கு மட்டுமே விற்க வேண்டும்

ஜஹாங்கீர் புகையிலையைத் தடுத்தது அது கெடுதல் என்று நினைத்து. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு வேண்டியது வருமானம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர், மலபார், கன்னடம் ஆகிய மாவட்டங்களில் புகையிலையைக் கம்பெனி தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது. கோவைப் பக்கத்து விவசாயி தன் நிலத்தில் விளைந்த புகையிலையைக் கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மலபாரில் இருப்பவர் கம்பெனி சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ள சாதாரண ஜனங்கள்தான் இந்தப் பணத்தைக் கொடுத்தார்கள்.

விளைவு என்ன? கணவாயின் ஒரு பக்கம் விலை குறைவு, மறுபக்கம் அதிகம். ஒரு மூட்டை இலையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போய் உறவுக்காரர் ஊரில் விற்றால் அது கடத்தல். தன் நிலத்தில் தானே விளைவித்த இலையாக இருந்தாலும் கடத்தல்தான். கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஏகபோகம் வேறு மாதிரி பயன்பட்டது. கோவைக் கலெக்டர் கச்சேரியின் கஜானாவைப் பார்த்துக்கொண்ட காசி செட்டி என்பவரின் மோசடி அந்தக் காலத்தில் மிகப் பிரபலம். தாமஸ் மன்றோவே விசாரிக்க வேண்டியதாயிற்று. 1850களின் தொடக்கத்தில்தான் கம்பெனி இந்த ஏகபோகத்தைக் கைவிட்டது.

அந்தக் காலத்தில் வரி கொடுக்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. சென்னை மாகாணத்துக்குள்ளேயே வழிநெடுகச் சாவடிகள் இருந்தன. மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றிப் போகிறவர் வழியில் வரி கட்டிக்கொண்டே போக வேண்டும். இந்த உள்நாட்டு வரி 1844ல் ஒழிந்தது. ஆனால் சுங்கச்சாவடி என்ற சொல் மட்டும் ஒழியவில்லை. லாரித் தொழிலுக்குப் பேர் போன நாமக்கல்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

1863

தெற்கே திருவிதாங்கூர் சமஸ்தானமும் புகையிலையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. அங்கே ஜனங்கள் விரும்பியது யாழ்ப்பாணப் புகையிலை. யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்குத் திருவிதாங்கூர்தான் பெரிய சந்தை. திவான் மாதவராவ் காலத்தில், 1863ல், ஏகபோகம் நீக்கப்பட்டு அதற்குப் பதில் இறக்குமதி வரி வந்தது.

அதே 1863ல் லண்டனில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தார். வெளிநாட்டுச் சுருட்டுக்குப் பவுண்டுக்கு 9 ஷில்லிங்காக இருந்த வரியை அவர் 5 ஷில்லிங்காகக் குறைத்தார். வரி அதிகமானால் கடத்தல் அதிகமாகிறது, கஜானாவுக்கும் நஷ்டம் என்பதை இரண்டு அரசுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் புரிந்துகொண்டன.

லண்டனில் வரி குறைந்ததற்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதுதான் உறையூர். திருச்சியின் ஒரு பகுதியான உறையூரில் திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையை வைத்துச் சுருட்டு செய்தார்கள். திண்டுக்கல்லிலேயே ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. வெள்ளைக்காரர்கள் 'திருச்சினாப்பள்ளி' என்றாலே அது சுருட்டைக் குறிக்கும் என்கிற அளவுக்குப் பெயர் பரவியது. 1887ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலையாளி பிடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். சர்ச்சில்கூடத் திருச்சிச் சுருட்டைத்தான் விரும்பிப் பிடித்தார் என்று உறையூரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

நீண்ட விடுப்பில் தாய்நாடு திரும்பும் துரைமார்களின் பெட்டிகளில் இந்தச் சுருட்டும் கப்பலேறியது. லண்டன் துறைமுகத்தில் அவர்களுக்கு என்ன விதி? அக்காலத்துப் பயணிகளுக்கு வேதம் போல இருந்த பேடெக்கர் வழிகாட்டி நூல் அதைச் சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கு அரை பவுண்டு புகையிலை வரி இல்லாமல் கொண்டு வரலாம். அதாவது சுமார் 226 கிராம். இன்று திருச்சியில் இறங்குகிறவருக்குக் கிடைக்கும் 125 கிராமைவிட அதிகம்!

யோசித்துப் பாருங்கள். கோவை விவசாயி தன் புகையிலையைப் பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டு போனால் குற்றவாளி. அவர் பேரன் காலத்தில் துரை அதே தமிழ்நாட்டுப் புகையிலையை ஏழு கடல் தாண்டிக் கொண்டு போனால் சலுகை. சுருட்டைச் சுருட்டிக் கொடுத்த கூலிக்காரருக்கு எந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. ஒரு வரியும் கட்டாமல் எல்லா எல்லைகளையும் தாண்டியது 'சுருட்டு' என்ற நம் சொல் மட்டும்தான். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்குவது அதுவே.

1962

அடுத்து முக்கியமான வருடம் 1962. மூன்று நாடுகளில் மூன்று சம்பவங்கள்.

முதலாவது அமெரிக்கா. அந்த வருடம் பிப்ரவரியில் ஜனாதிபதி கென்னடி கியூபாப் பொருட்களுக்கு முழுத் தடை விதித்தார். அவர் கியூபாச் சுருட்டுப் பிரியர். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின மாலை தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அழைத்து, மறுநாள் காலைக்குள் ஆயிரம் சுருட்டு வேண்டும் என்றார். சாலிஞ்சர் 1,200 சுருட்டு வாங்கி வந்தார். அதைக் கேட்டுக்கொண்ட பிறகே கென்னடி தடை உத்தரவில் கையெழுத்திட்டார். முப்பது வருடம் கழித்து 1992ல் சாலிஞ்சரே இதை எழுதினார். கான் ஆலம் கதையின் புதுப் பதிப்பு!

இரண்டாவது பர்மா. மார்ச் மாதம் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேற வேண்டியதாயிற்று. சொற்ப நகையும் பணமும் தவிர எதையும் எடுத்துப் போக அனுமதி இல்லை. சம்பாதித்ததெல்லாம் அந்தத் துறைமுகச் சோதனையில் நின்றுவிட்டது. விடுமுறைக்கு வருகிறவருக்குச் சுங்கம் என்றால் சில ரூபாய் வரி. இவர்களுக்கு அது ஒரு வாழ்க்கை.

மூன்றாவது இந்தியா. டிசம்பரில் புதிய சுங்கச் சட்டம் நிறைவேறியது. 1878ஆம் வருடத்துக் கடல் சுங்கச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம் இது. அந்நியச் செலாவணிப் பஞ்சம் இருந்த காலம். வெளிநாட்டுப் பொருட்கள் எளிதில் உள்ளே வர முடியாது. அதனாலேயே 'பாரின் சாமான்' என்றால் தனி மதிப்பு. 1969 வாக்கில் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் பக்கத்தில் பர்மா பஜார் உருவானது. பர்மாவில் சுங்கச் சோதனையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், சுங்கக் கெடுபிடியால் கிராக்கி ஏறிய வெளிநாட்டுப் பொருட்களை விற்றுப் பிழைத்தார்கள். வரலாறு சில சமயம் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது.

இன்றைய நிலை

அமெரிக்காவில் 2015ல் கொஞ்சம் தளர்வு வந்தது. கியூபா போய்த் திரும்புகிறவர்கள் சிறு அளவு சுருட்டு கொண்டு வரலாம் என்றார்கள். 2016 அக்டோபரில் அந்த அளவுக் கட்டுப்பாடும் நீங்கியது. 2020 செப்டம்பரில் மறுபடி மூடிவிட்டார்கள். ஐந்து வருடத்தில் அதே சுருட்டு குற்றமாக இருந்து, பரிசாகி, மீண்டும் குற்றமானது.

இந்தியாவில் காரணம் வேறு. 2014 பட்ஜெட்டில் 50 சுருட்டு என்றிருந்த இலவச அளவு 25 ஆகவும், 200 சிகரெட் 100 ஆகவும் குறைந்தன. 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் வேண்டும். 2019ல் இ-சிகரெட் இறக்குமதிக்கே தடை வந்தது. கம்பெனி காலத்துத் தடையின் நோக்கம் கஜானா. இன்றைய விதிகளில் கஜானாவோடு ஜனங்களின் நுரையீரலும் இருக்கிறது. புகையிலை புற்றுநோய் தரும் என்பது ஜஹாங்கீருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு 'வரி போடுகிறார்கள்' என்று மட்டும் புலம்புவது நியாயமில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பச்சை வழியில் நடந்து வரும் பயணிக்கு 25 சுருட்டு என்றால், அவர் தொழிலதிபரானாலும் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறவரானாலும் அதே 25தான். 26வது சுருட்டு இருந்தால் இருவரும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். சொல்லாமல் மறைத்தால் பறிமுதலும் அபராதமும் இருவருக்கும் பொது. (விதிகள் அடிக்கடி மாறுபவை. பயணத்துக்கு முன் சுங்கத் துறையின் தளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.) தூதர்களுக்கு மட்டும் இன்றும் தனிச் சலுகை இருக்கிறது. கான் ஆலம் சந்தோஷப்படுவார்.

நானூறு வருடக் கதையில் விலக்கு எப்போதும் மேலே இருந்தவர்களுக்கே கிடைத்தது. சோதனை எப்போதும் மூட்டை சுமந்தவர்களுக்கே நடந்தது. காளப்பநாயக்கன்பட்டிக்குத் திரும்புகிறவருக்கும் பெரிய மனிதர்களுக்கும் ஒரே எண்ணிக்கை என்று எழுதி வைத்த விதி, இந்த வரலாற்றில் மிகச் சமீபத்தில் வந்த விஷயம். அது காகிதத்தில் இருப்பது போலவே கவுண்டரிலும் நடக்க வேண்டும். சுருட்டைவிட அதுதான் முக்கியம்.

முனியப்பனுக்கு ஹவானா சுருட்டுதான் வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அதே ஊரின் இன்னொரு பக்கத்தில் உறையூர் இருக்கிறது. ஒரு காலத்தில் லண்டன்காரர்கள் தேடித் தேடி வாங்கிய சுருட்டு அங்கே செய்ததுதான். மாமாவுக்கு மட்டும் சுருட்டுக்குப் பதில் வேறு ஏதாவது வாங்கிப் போவது நல்லது.