குறை மாவுச்சத்து உணவும் மலச்சிக்கலும்: நாரை மட்டும் குற்றம் சாட்டலாமா?

சோற்றையும் இட்லியையும் நிறுத்திவிட்டு முட்டை, பனீர், இறைச்சி, பாதாம் என்று மாறியவர்கள் முதல் சில வாரங்களில் சொல்லும் புகார்களில் மலச்சிக்கல் முன்வரிசையில் நிற்கிறது. தமிழ்நாட்டில் இந்த உணவுமுறை பேலியோ என்றும் கீட்டோ என்றும் இரு பெயர்களில் புழங்குகிறது. பெயர் எதுவானாலும் புகாருக்குக் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: அரிசியை விட்டீர்கள், நார்ச்சத்து போயிற்று, நாரைக் கூட்டுங்கள். இந்தப் பதில் பாதி சரி. எஞ்சிய பாதி உப்பையும் நீரையும் பற்றியது. அதை யாரும் பேசுவதில்லை. நாரைக் கூட்டுவது என்றாலும் எந்த நாரை என்ற கேள்வி எழுவதில்லை. இவ்விரண்டையும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகார் கற்பனை அன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில்லியம் யான்சி குழுவினர் 120 பேரைச் சேர்த்து 24 வாரம் நடத்திய ஒப்பீட்டாய்வு 2004இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் நாளுக்கு 20 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்தோடு தொடங்கினர். மறு பிரிவினர் கொழுப்பைக் குறைத்து உண்டனர். மலச்சிக்கல் முதல் பிரிவில் 68 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் பிரிவில் 35 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டுவோர் உண்டு. எனக்கு இரண்டாவது எண்ணே கூடுதலாக யோசிக்கத் தருகிறது. தானியமும் பழமும் விலக்கப்படாத பிரிவிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் சிக்கல் வந்திருக்கிறது. உணவின் அளவைக் குறைத்தாலே மலம் குறையும். அந்தப் பங்கைக் கழித்த பிறகுதான் மாவுச்சத்துக் குறைப்பின் பங்கை அளக்க முடியும். வலிப்பு நோய்க்காகக் குழந்தைகளுக்குத் தரப்படும் கீட்டோ உணவிலும் வயிறு சார்ந்த பக்கவிளைவுகளில் மலச்சிக்கலே அடிக்கடி காணப்படுவது. 1921இல் மேயோ மருத்துவமனையில் ரஸ்ஸல் வைல்டர் அந்த உணவை முன்மொழிந்தார். நூறாண்டு கடந்தும் மருத்துவர்கள் இந்தத் தொல்லையோடு போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதலில் எது மலச்சிக்கல் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். "காலையில் போனியா?" என்று தினமும் கேட்டு வளர்க்கப்பட்ட சமூகம் நம்முடையது. ஒருநாள் தவறினாலே அதை நோயாக எண்ணிவிடுகிறோம். மருத்துவர்கள் பின்பற்றும் ரோம் வரையறை வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகக் கழிவதைச் சிக்கலின் அறிகுறிகளுள் ஒன்றாகக் கொள்கிறது. முக்கல், இறுகிய மலம், முழுதும் கழியாத உணர்வு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. பிரிஸ்டல் நகரில் உருவான மல வடிவ அளவுகோலில் ஆட்டுப் புழுக்கை போன்ற முதல் வகையும் கட்டிகட்டியாக இறுகிய இரண்டாம் வகையும் மட்டுமே மலச்சிக்கலைக் குறிக்கும். இறைச்சியும் முட்டையும் சிறுகுடலிலேயே பெரும்பாலும் செரித்து உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. பெருங்குடலுக்கு வந்து சேரும் எச்சம் சொற்பம். ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை, மென்மையாக, முக்காமல் கழிந்தால் அது உணவு மாறியதன் விளைவு. அதற்கு மருந்து தேவையில்லை.

அரிசியை விட்டதால் நார் போயிற்று என்ற கூற்று எந்த அளவுக்குச் செல்லும்? வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார் அரை கிராம்கூடத் தேறாது. இழப்பு அரிசியில் இல்லை, அரிசியோடு வந்தவற்றில் இருக்கிறது. சாம்பாரின் துவரம்பருப்பு, கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், கீரை மசியல், சுண்டல் எல்லாம் சோற்றுக்குத் துணையாகவே தட்டுக்கு வந்தவை. சோறு போனதும் தொட்டுக்கொள்ள வேண்டிய தேவையும் போயிற்று. ஆனால் நூறு பாதாமைக் காலை உணவாகக் கொள்ளும் நம்மூர்ப் பேலியோக்காரரின் கணக்கைப் பாருங்கள். அதில் மட்டும் ஏறக்குறைய 15 கிராம் நார் கிடைக்கிறது. வயது வந்தோருக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்பது 2023இல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. அதில் பாதிக்கு மேல் காலையிலேயே நிறைவேறிவிடுகிறது. அப்படியிருந்தும் அவர்களிடமிருந்தும் இதே புகார் வருகிறது. நார்க் கணக்கு ஒன்றே இதை விளக்கப் போதாது.

இங்கேதான் உப்பு வருகிறது. மாவுச்சத்தைக் குறைத்த சில நாட்களில் கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருந்த கிளைக்கோஜன் கரைகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் நீர் பிணைந்திருக்கும், அதுவும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடைக்கருவி காட்டும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு இந்த நீர்தான். உடன் நிகழ்வது இன்னும் முக்கியமானது. இன்சுலின் சிறுநீரகத்தைச் சோடியத்தைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோனும்கூட. அதன் அளவு தாழ்ந்தால் சோடியம் சிறுநீரில் கழிகிறது. நீரும் அதன் பின்னே போகிறது. இழப்பை ஈடுகட்ட உடல் ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கிறது. இந்த ஹார்மோன் சிறுநீரகத்தில் மட்டுமல்லாமல் பெருங்குடலின் கடைப்பகுதியிலும் வேலைசெய்து, சோடியத்தையும் அதோடு நீரையும் உள்ளிழுக்கிறது. சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் திரவம் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது நூறு, இருநூறு மில்லி. சாதாரண மலத்தின் எடையில் முக்கால் பங்கு நீரே. அந்த விகிதம் சில புள்ளிகள் குறைந்தாலே மலம் கல்லாகிவிடும்.

நம் சாப்பாட்டின் அமைப்பு இதை மேலும் கடுமையாக்குகிறது. வெந்த சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நீர். அதன்மேல் குழம்பு, ரசம், மோர் என்று மதியச் சாப்பாடு ஒன்றிலேயே அரை லிட்டருக்கு மேல் நீர் உள்ளே போகிறது. அவற்றிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் ஒரு நாளுக்கான உப்பின் பெரும்பகுதி இருக்கிறது. நான்கு முட்டையில் கிடைக்கும் நீர் 150 மில்லி. பாதாமில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, வறுத்ததாக இருந்தால் அதுவும் இல்லை. ஆக, சிறுநீரகம் உப்பை விரயமாக்கும் அதே வாரத்தில்தான் உப்பும் நீரும் வரும் வாயிலையும் நாம் அடைத்துக்கொள்கிறோம். "நாலு லிட்டர் தண்ணீர் குடியுங்கள்" என்ற அறிவுரை இங்கே பயன் தராது. உப்பில்லாத தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். ஸ்டீபன் பின்னி, ஜெஃப் வோலெக் ஆகிய ஆய்வாளர்கள் இவ்வுணவில் நாள்தோறும் உப்பிட்ட எலும்புச் சாறு குடிக்கச் சொல்வது வெறும் சுவைக்காக அன்று. நம் சமையலில் ஆட்டுக்கால் சூப்பும், உப்பிட்ட எலுமிச்சைச் சாறும், தெளிந்த ரசமும் அதே வேலையைச் செய்யும்.

இந்த விளக்கம் உடலியலிலிருந்து நான் வருவிப்பது; ஆகவே இதற்கு ஓர் எல்லை உண்டு. ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. அதே சமயம், இந்த உணவில் ரத்த அழுத்தம் தாழ்ந்து, மாத்திரையின் அளவு பழையபடியே தொடர்வதால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் சேர்ந்து வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு மாற்ற வேண்டியது மாத்திரையின் அளவு.

நாரைப் பற்றிய விவாதத்தில் இரு துருவங்கள் உண்டு. டெனிஸ் பர்கிட் 1972இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை உகாண்டா கிராமத்தவரின் மலத்தின் எடையும் குடலைக் கடக்கும் வேகமும் ஆங்கிலேயருடையதைவிடப் பன்மடங்கு என்று காட்டி, நாரை மேற்கத்திய மருத்துவத்தின் நடுமேடைக்குக் கொண்டுவந்தது. மறுமுனையில், சிங்கப்பூரில் 63 நோயாளிகளைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வு, நாரை முற்றிலும் நிறுத்திய 41 பேருக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை என்றிருந்தது நாள்தோறும் கழிவதாக மாறியது என்றது. இறைச்சி மட்டுமே உண்போர் இதைத் தங்கள் வேதமாக ஏந்துகிறார்கள். அவ்வளவு பாரத்தை அது தாங்காது. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாமல் தாமே தேர்ந்துகொண்ட பிரிவுகள். நாரைத் தொடர்ந்தவர்கள் ஆறே பேர். ஏற்கெனவே நிறைய நார் உண்டும் சிக்கல் தீராதவர்களிடம் நாரைக் குறைத்துப் பார்க்கலாம் என்பதற்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. பாதாமும் ஆளி விதையும் மலையாகத் தின்று, வயிறு உப்பி, காற்றுப் பிரியாமல் தவிப்பவருக்கு அந்தச் செய்தி உண்மையிலேயே பயன்படும்.

நார் என்பது ஒரே பொருள் அன்று. நீரைப் பிடித்துவைத்து, நுண்ணுயிர்களால் எளிதில் நொதிக்கப்படாமல் கடைசிவரை போய்ச் சேரும் நாரே மலத்தை இளக்கும். நொதித்துப் போகும் நார் காற்றைத்தான் தரும். மாவாக அரைத்த கோதுமைத் தவிடு மலத்தை இறுக்கவும் கூடும். இந்த அளவையில் இசப்கோல் உமிக்கு இணை குறைவு; குஜராத்தின் வறண்ட வயல்களில் விளைந்து உலகமெங்கும் போவது. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் நாளுக்கு இரண்டு கிவிப் பழம், 100 கிராம் உலர் பிளம்ஸ், 12 கிராம் இசப்கோல் ஆகிய மூன்றும் நான்கு வாரத்தில் பலன் தந்தன. ஆனால் 100 கிராம் உலர் பிளம்ஸில் மாவுச்சத்து 60 கிராமுக்கு மேல். நம் வீடுகளின் கைவைத்தியமான இரவுப் பழமும் அப்படித்தான். ஒரு நடுத்தர வாழைப்பழமே 20 கிராம் எல்லையைத் தாண்டிவிடும். இசப்கோலில் உடலில் சேரும் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, தைராய்டு போன்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் விலக்கி எடுக்க வேண்டும். உலர்வாக விழுங்கினால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். உணவிலேயே சேர்ப்பதானால் முருங்கைக்கீரை, வெண்டை, தேங்காய், அரைக் கொய்யா, கொடைக்கானல் பக்கம் விளையும் பட்டர் ஃப்ரூட் எல்லாம் 20 கிராம் எல்லைக்குள் அடங்கும். வெறும் பனீரும் வெண்ணெயும் உண்ணும் சைவருக்கு இவை இல்லாமல் வழியில்லை.

மருந்துக்கு வரும்போது நம்மவர் கை முதலில் நீள்வது நிலாவாரைப் பொடிக்கு. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடி வழியே உலகச் சந்தைக்குப் போன மூலிகை; குடலைத் தூண்டி வேலை வாங்கும். தேரையர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து உண்ணச் சொன்னதை மேற்கோள் காட்டி அதைத் தினமும் குடிப்பவர்களைப் பார்க்கிறோம். அவர் சொன்ன இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. 2023இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கங்கள் இரண்டும் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை உறுதியாகவும், நிலாவாரை, மெக்னீசியம் ஆக்சைடு, லாக்டுலோஸ் ஆகியவற்றை நிபந்தனையோடும் பரிந்துரைத்தது. லாக்டுலோஸ் இனிக்கிறதே, சர்க்கரை ஏறாதா என்று பயந்து மருந்தை ஊற்றிவிடுபவர்கள் உண்டு. அந்தச் சர்க்கரையைச் சிறுகுடல் செரிப்பதில்லை. பயம் பெருமளவு தேவையற்றது. மெக்னீசியம் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் இவ்வுணவுக்கு வருவோரில் கணிசமானவர்கள் நீரிழிவுக்காரர்கள். நெடுநாள் நீரிழிவு குடல் நரம்புகளையே பாதிக்கும். செமாகுளூடைடு வகை ஊசியும், இரும்பு, கால்சிய மாத்திரைகளும், தைராய்டுக் குறைவும் மலத்தை இறுக்குபவையே. இவர்களிடம் உணவுமுறையை மட்டும் குறை சொல்வது நோயறிதலைத் தாமதப்படுத்தும்.

மருத்துவர்களிடமும் உணவு ஆலோசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். சோற்றை விட்டவர் மலச்சிக்கலோடு வந்தால், நாரைக் கூட்டச் சொல்வதற்கு முன் அவர் நேற்றுச் சாப்பிட்ட உப்பையும், குடித்த குழம்பு, ரசம், சூப்பின் அளவையும், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையும் கேட்டுப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணமற்ற சோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென மாறிய மலப்பழக்கம் ஆகியவை இருந்தால் உணவுமுறையைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டுப் பெருங்குடல் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.