வீட்டு மாடி முதல் வெள்ளிமலை மேடை வரை... டியூப் கிட்டார் ஆம்ப் வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு பணத்தை எடுங்க!

தாத்தா காலத்து வால்வு ரேடியோ பற்றி வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சுவிட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடாகி, ஆரஞ்சு நிறத்தில் ஒளிர ஆரம்பித்த பிறகுதான் குரல் வரும். அந்த ரேடியோ எப்போதோ பரணுக்குப் போய்விட்டது. ஆனால், ஒரு கூட்டம் மட்டும் வால்வை இன்னும் விடவில்லை. எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள்தான் அவர்கள். அதே வால்வைத்தான் அவர்கள் 'டியூப்' என்கிறார்கள்.

நீங்கள் கள்ளக்குறிச்சியில் இருக்கும் கிட்டாரிஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். வாரநாளில் வீட்டு மாடியில் பிராக்டிஸ். திருவிழா சீஸனில் சுற்றுவட்டார ஊர்களில் ஆர்கெஸ்ட்ரா. எப்போதாவது கல்வராயன்மலை ஏறி, வெள்ளிமலையில் ஒரு நிகழ்ச்சி. இந்த மூன்றுக்கும் ஒரே டியூப் ஆம்ப் போதுமா? போதும். ஆனா, நீங்க நினைக்கிறதைவிடச் சின்ன ஆம்ப்பா இருக்கணும்.

டியூப்ல அப்படி என்ன இருக்கு?

கிட்டாரில் இருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. அதை முதலில் பெரிதாக்குவது ப்ரீஆம்ப் டியூப். பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன டியூப் இந்த வேலையைச் செய்யும். பிறகு, ஸ்பீக்கரை அதிர வைக்கும் பலத்தைக் கொடுப்பது பவர் டியூப். இஎல்84, 6எல்6, இஎல்34 ஆகியவை இதில் பிரபலம்.

டியூப்பை அதன் எல்லைக்குத் தள்ளும்போது ஒலி சட்டென்று உடையாது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரப்பு ஏறும். மெல்ல மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் காரமாகவும் கேட்கும். விரல் அழுத்தத்துக்கு ஆம்ப் பதில் சொல்கிறது என்று கிட்டாரிஸ்ட்கள் சொல்வது இதைத்தான். ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல் கம்பெனிகள் 1950, 60-களில் செய்த ஆம்ப்கள்தான் ராக் இசைக்கே ஒலி அடையாளம் கொடுத்தன.

வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீங்க

'30 வாட்ஸ் வாங்கினா 15 வாட்ஸைவிட ரெண்டு மடங்கு சத்தம் வரும்.' பலரும் செய்யும் தப்புக் கணக்கு இது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கு' என்றுதான் தோன்றும். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க, சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். அதாவது, 5 வாட்ஸ் ஆம்ப்பைவிட இரண்டு மடங்கு சத்தம் வேண்டுமென்றால் 50 வாட்ஸ் தேவை.

அதனால் வாட்ஸை வேறு விதமாகப் பாருங்கள். ஒலி உடையாமல், தெளிவாக எவ்வளவு தூரம் போகும் என்பதன் அளவு அது. கூடுதல் வாட்ஸ் என்றால் கூடுதல் தெளிவுக்கான இடம்.

வீட்டுக்கு எவ்வளவு?

வெறும் 5 வாட்ஸ் டியூப் ஆம்ப்பை முழுசாகத் திறந்தாலே, பக்கத்தில் நிற்பவருக்கு 100 டெசிபலைத் தாண்டும். இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவதற்கு 5 வாட்ஸே தாராளம்!

டியூப்பின் ருசி வால்யூமைக் கூட்டும்போதுதான் வரும். வீட்டிலோ கூட்ட முடியாது. இந்தச் சிக்கலுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

* மாஸ்டர் வால்யூம்: ப்ரீஆம்ப்பை சூடாக ஓட்டிவிட்டு, வெளியே வரும் சத்தத்தை மட்டும் குறைக்கலாம்.

* பவர் குறைக்கும் சுவிட்ச்: மார்ஷல் டிஎஸ்எல்20 மாடலை 20-ல் இருந்து 10 வாட்ஸுக்கு இறக்கலாம். டிஎஸ்எல்1 மாடல் 1 வாட்ஸில் இருந்து 0.1 வாட்ஸ் வரை இறங்கும்.

* அட்டென்யுவேட்டர்: ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டும் பெட்டி. கூடுதல் பவரை வெப்பமாக மாற்றிவிடும்.

மேடைக்கு எவ்வளவு?

திருவிழா மேடையில் கூட்டத்துக்குக் கேட்பது உங்கள் ஆம்ப் அல்ல, மைக் செட்காரரின் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள். ஆம்ப் முன்னால் ஒரு மைக்கை வைத்து மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டால், மைதானத்தின் கடைசி வரிசை வரை போகும். ஷூர் எஸ்எம்57 மைக்கை உலகம் முழுக்க இதற்குப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஆம்ப் உங்களுக்கும் பக்கத்தில் இருக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும்.

அதற்கு 15 முதல் 20 வாட்ஸ் சரியாக இருக்கும். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், வாக்ஸ் ஏசி15 இரண்டும் இந்த ரகம்தான். இரண்டிலும் இருப்பது ஒரு ஜோடி இஎல்84. எண்பதுகளின் மெலடிக்குத் துல்லியமான கிளீன் டோன், அடுத்த பாட்டுக்கே கனமான டிஸ்டார்ஷன் என்று மாறி மாறி வாசிப்பவராக இருந்தால், கிளீன் டோனுக்கு ஆம்ப், டிஸ்டார்ஷனுக்குப் பெடல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மைக் வசதியே இல்லாமல், பலமாக அடிக்கும் டிரம்மரோடு வாசிப்பவர்களுக்கு மட்டும் 40 வாட்ஸ் தேவைப்படும்.

மலை ஏறும்போது...

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் எடைக்கு அர்த்தம் புரியும். வாக்ஸ் ஏசி30 எடை 30 கிலோவுக்கு மேல். ப்ளூஸ் ஜூனியர் அதில் பாதிகூட இல்லை. வளைவுகளில் பெட்டி உருளாமல் கட்டி வையுங்கள். கச்சேரி முடிந்ததும் சூடான டியூப்போடு வண்டியில் ஏற்ற வேண்டாம். கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். மேலே பனியும் ஈரமும் இருந்தால், பெட்டி அந்த இடத்தின் சூட்டுக்குப் பழகி, ஈரம் காய்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

கரன்ட் விஷயத்தில் நோ காம்ப்ரமைஸ்!

அமெரிக்காவில் இருந்து மாமா ஆம்ப் வாங்கி வருகிறாரா? பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். அங்கே 120, இங்கே 230. அப்படியே செருகினால் ஃப்யூஸ் போவதோடு நிற்காமல், டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் வாங்கினால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. ஆனாலும் பார்த்துவிடுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் இடங்களிலும் ஜெனரேட்டர் மேடைகளிலும் நல்ல ஸ்டெபிலைசர் அவசியம்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். 'ஹம்' சத்தம் வருகிறது என்று சிலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவார்கள். செய்யவே செய்யாதீர்கள். கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில் இருக்கும்போது எர்த் சரியில்லையென்றால், உடலே ஒயர் ஆகிவிடும். 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். வாசிக்கும் முன் மைக் செட்காரரிடம், 'அண்ணே, எர்த் சரியா இருக்கா?' என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஆம்ப்பின் பின்மூடியையும் நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினா...

* ஸ்பீக்கர் இணைத்திருக்கிறதா, ஓம்ஸ் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் டியூப் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். அதை மாற்றுவது பெரிய செலவு.

* அரை மணி நேரமாவது வாசியுங்கள். சூடான பிறகுதான் பல கோளாறுகள் வெளியே வரும்.

* பின்பக்கம் திறந்த பெட்டி என்றால் எட்டிப் பாருங்கள். டியூப்பின் நடுவில் லேசான ஆரஞ்சு ஒளி சரி. உள்ளே உள்ள உலோகத் தகடே சிவந்து பழுத்தால் ஆபத்து, உடனே ஆஃப் செய்யுங்கள்.

* பவர் டியூப் தேயும் பொருள். ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது 'பயாஸ்' சரிசெய்ய வேண்டுமா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். டியூப் ஆம்ப் தெரிந்த டெக்னீஷியன் உங்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

யாருக்கு டியூப் வேண்டாம்?

இப்போதுதான் கிட்டார் கற்கிறீர்களா? ஹெட்போனில் மட்டும்தான் வாசிக்க முடியுமா? சர்வீஸுக்கு வெளியூர் அலைய முடியாதா? அப்படியென்றால் டியூப் காத்திருக்கட்டும். பாஸ் கட்டானா 50 போன்ற டிஜிட்டல் ஆம்ப்களை 50, 25, 0.5 வாட்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். டியூப் தேயும் கவலை இல்லை, எடையும் குறைவு. கூட்டத்தில் பலருக்கு வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் தெரிவது உங்கள் விரலுக்குத்தான். அதனால், சேமிப்பை மொத்தமாக எடுக்கும் முன் ஒருமுறை உங்கள் கிட்டாரையே தோளில் மாட்டிக்கொண்டு பெரிய ஊர் கடைக்குப் போங்கள். 15 வாட்ஸ் டியூப் ஒன்று, டிஜிட்டல் ஒன்று. இரண்டிலும் ஒரே பாட்டை, வீட்டில் வைக்கும் அதே வால்யூமில் வாசித்துப் பாருங்கள். எது உங்களை இன்னும் பத்து நிமிஷம் வாசிக்க வைக்குதோ, அதுதான் உங்க ஆம்ப்!