ஹாட் ராட்

ஹாட் ராட் என்பது, கூடுதல் வேகத்துக்காக எஞ்சின், சேசிஸ், உடற்பகுதி ஆகியவற்றில் பெரும் மாற்றங்கள் செய்யப்பட்ட பழைய அமெரிக்க மகிழுந்து (கார்) ஆகும். 1930களில் ஐக்கிய அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் இவ்வழக்கம் உருப்பெற்றது. விலை குறைந்த பழைய ஃபோர்டு வண்டிகளை வாங்கிய இளைஞர்கள், தேவையற்ற பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்தனர். எஞ்சினைத் தம் கையாலேயே மேம்படுத்தினர். ஹாட் ராட்டின் அடையாளங்களாக இன்று கருதப்படும் தோற்றக் கூறுகளில் பல, அழகுக்காக அன்றி இவ்வாறு வேகத்தைத் தேடியதன் விளைவாகவே தோன்றியவை.

பெயர்

இப்பெயருக்கு இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. மடிப்புக் கூரையும் இரண்டு இருக்கைகளும் கொண்ட திறந்த வண்டியைக் குறிக்கும் "ரோட்ஸ்டர்" என்னும் சொல்லின் சுருக்கமே "ராட்" என்பது ஒன்று. எஞ்சினுள் இயங்கும் தண்டுகளை அது குறிக்கிறது என்பது மற்றொன்று. "ஹாட்" என்பது வேகம் கூட்டப்பட்டதைக் குறிக்கும் அடைமொழி. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இச்சொல் பரவலான வழக்குக்கு வந்தது.

வரலாறு

வறண்ட ஏரிகள்

லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே உள்ள மொஹாவி பாலைவனத்தில் நீர் வற்றிய ஏரிகள் பல உள்ளன. இவற்றின் படுகை கடினமாகவும் சமதளமாகவும் பல கிலோமீட்டர் நீளம் கொண்டதாகவும் இருப்பதால், வண்டியின் உச்ச வேகத்தைச் சோதிக்க ஏற்றவையாக இருந்தன. மியூராக், எல் மிராஜ் ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பல கழகங்கள் ஒன்றுகூடி, 1937 ஆம் ஆண்டில் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. ஓட்டங்களை ஒழுங்குபடுத்துவதும் வேகத்தைத் துல்லியமாக அளப்பதும் இதன் பணிகளாயின. பின்னர் மியூராக் பகுதி இராணுவத்தின் பயன்பாட்டுக்குச் சென்றது. இன்றைய எட்வர்ட்ஸ் வான்படைத் தளம் அங்கேயே உள்ளது.

போருக்குப் பிந்தைய வளர்ச்சி

1945 இல் போர் முடிந்ததும், படைகளில் பணியாற்றி எந்திர வேலை கற்ற இளைஞர் பலர் ஊர் திரும்பினர். 1948 சனவரியில் ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய "ஹாட் ராட்" இதழ், பட்டறைகளில் மட்டும் அறியப்பட்டிருந்த நுட்பங்களை நாடெங்கும் கொண்டு சென்றது. 1949 இல் யூட்டா மாநிலத்தின் பொன்னவில் உப்புச் சமவெளியில் முதல் "வேக வாரம்" நடைபெற்றது.

அதே காலத்தில் பொதுச்சாலைகளில் நடந்த திருட்டுப் பந்தயங்கள் விபத்துகளுக்குக் காரணமாயின. ஹாட் ராட் ஓட்டுவோர் அனைவரையும் சமூக விரோதிகளாகப் பார்க்கும் நிலையும் உருவானது. தடை விதிப்பதை விட, பந்தயத்துக்கெனத் தனி இடம் ஒதுக்குவதே தீர்வு என்னும் கருத்து வலுப்பெற்றது. 1950 இல் சாண்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதையில், கட்டணம் பெற்று நடத்தப்படும் நேர்கோட்டுப் பந்தயம் தொடங்கியது. 1951 இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். இச்சங்கம் 1954 இல் ஒரு குழுவை நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பி, பாதுகாப்பான முறையில் பந்தயம் நடத்துவதைக் கற்பித்தது. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல் (சுமார் 402 மீட்டர்) தொலைவைக் கடக்கும் டிராக் பந்தயம் இவ்வாறே ஒழுங்கமைந்த விளையாட்டாயிற்று.

1932 ஃபோர்டு

ஹாட் ராட்டுகளுக்கு மிகவும் விரும்பப்பட்ட வண்டி 1932 ஆம் ஆண்டின் ஃபோர்டு ஆகும். ஆண்டின் கடைசி இலக்கத்தைக் கொண்டு இது "டியூஸ்" (இரண்டு) என அழைக்கப்படுகிறது. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை ஃபோர்டு நிறுவனம் முதன்முதலில் இவ்வாண்டில்தான் வழங்கியது. அதன் கொள்ளளவு 221 கன அங்குலம் (3.6 லிட்டர்); திறன் 65 குதிரைத்திறன்.

இவ்வண்டியின் வடிவமைப்பிலும் ஒரு சிறப்பு உண்டு. இதன் சேசிஸின் பக்கச் சட்டங்கள் வெளியே தெரியுமாறு அமைக்கப்பட்டு, அழகிய வரைகோட்டுடன் வடிவமைக்கப்பட்டிருந்தன. இதனால் மட்கார்டுகளைக் கழற்றிய பின்னரும் வண்டி அரைகுறையாகத் தோற்றமளிப்பதில்லை.

எஞ்சினை மேம்படுத்தல்

ஃபோர்டு வி8 ஒரு "பிளாட்ஹெட்" வகை எஞ்சின் ஆகும். இதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், அடிக்கட்டையினுள்ளேயே உள்ளன. சிலிண்டர் ஹெட் என்பது தட்டையான மூடி போன்றதே. திறனைக் கூட்டப் பின்வரும் வழிகள் கையாளப்பட்டன.

கொள்ளளவு: போருக்குப் பிந்தைய 239 கன அங்குல எஞ்சினில் சிலிண்டரின் உள்விட்டம் 81 மி.மீ., பிஸ்டன் நகரும் நீளம் 95 மி.மீ. ஆகும். சிலிண்டரைக் குடைந்து உள்விட்டத்தை 84 மி.மீ. ஆக்கி, 1949 மெர்க்குரி வண்டியின் கிராங்க்ஷாஃப்டைப் பொருத்தி நகர்வை 101.6 மி.மீ. ஆக்கினால், கொள்ளளவு 276 கன அங்குலமாக (4.5 லிட்டர்) உயரும்.

காற்றும் எரிபொருளும்: ஒரு கார்புரேட்டருக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று பொருத்தப்பட்டன. விக் எடல்புராக் இதற்கென வடிவமைத்து விற்ற உள்ளிழுப்புக் குழாய்த்தொகுதி புகழ்பெற்றது. ஸ்டூவர்ட் ஹில்போர்ன் எரிபொருளைப் பீய்ச்சும் முறையை உருவாக்கினார்.

கேம்ஷாஃப்ட்: வால்வுகள் எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது. எட் இஸ்கெண்டேரியன் இத்துறையில் பெயர் பெற்றவர். வால்வு நெடுநேரம் திறந்திருந்தால் உயர் சுழற்சியில் திறன் கூடும். ஆனால் குறைந்த சுழற்சியில் எஞ்சின் சீராக ஓடாது.

அமுக்க விகிதம்: சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி எரியறையைச் சிறிதாக்கினால் அமுக்கம் உயரும். ஆனால் பிளாட்ஹெட்டில் அளவுக்கு மீறிச் சீவினால், வால்வுகளுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான காற்றுவழி குறுகி, கிடைத்த பயன் குறைந்துவிடும்.

இவ்வெஞ்சினின் முதன்மைக் குறை சூடேறுதல் ஆகும். புகைபோக்கும் வழிகள் அடிக்கட்டையின் ஊடாகச் செல்வதால், வெளியேறும் வளிமத்தின் வெப்பம் குளிர்விக்கும் நீரைச் சேர்கிறது. மேலும், ஒரு பக்கத்தில் உள்ள நான்கு சிலிண்டர்களுக்கும் மூன்று புகைவாய்களே உண்டு; நடுவிலுள்ள இரண்டும் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே திறன் கூடும்போது பெரிய ரேடியேட்டரும் இன்றியமையாததாகிறது.

1955 இல் செவர்லே வெளியிட்ட 265 கன அங்குல வி8 எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே அமைந்திருந்தன. எந்த மாற்றமும் இன்றியே இது 162 குதிரைத்திறன் அளித்தது. இதன் பின்னர் பிளாட்ஹெட்டின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது.

சுதியமைத்தல்

உதிரிகளைப் பொருத்துவதோடு பணி முடிவதில்லை. பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு பங்கு எரிபொருளுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். உச்சத் திறனுக்கோ ஏறத்தாழ 12.5 முதல் 13 பங்கு காற்றே பொருத்தமானது. பழைய கைவினைஞர்கள், ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். கரும்புகை படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. வெளிறியிருந்தால் எரிபொருள் போதவில்லை. பின்னதே கூடுதல் ஆபத்தானது. அதிக வெப்பத்தால் பிஸ்டன் உருகித் துளையாகக் கூடும். தீப்பொறி எழும் நேரத்தைத் தேவைக்கு மேல் முன்தள்ளினாலும் இத்தகைய சேதம் ஏற்படலாம்.

சேசிஸும் பிரேக்கும்

இயங்கும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்தப் பிரேக்குகள் உட்கொள்ள வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 1932 ஃபோர்டில் கம்பிகளால் இயங்கும் பிரேக்குகளே இருந்தன. ஃபோர்டு 1939 இல் திரவ அழுத்தப் பிரேக்குகளுக்கு மாறியது. அவ்வாண்டு முதல் வந்த வண்டிகளின் பிரேக்குகளைக் கழற்றிப் பழைய வண்டியில் பொருத்துவது வழக்கமாயிற்று. எஞ்சினை மட்டும் மேம்படுத்திவிட்டுப் பிரேக், திருப்பும் அமைப்பு ஆகியவற்றை அவ்வாறே விடுவது தேர்ந்த கைவினைஞர்களால் தவறாகவே கருதப்படுகிறது. பந்தயங்களில் இருக்கைப்பட்டி, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் உருக்கு வளையம், வெடித்துச் சிதறும் பறப்புச் சக்கரத்தைத் தடுக்கும் கவசம் ஆகியவை காலப்போக்கில் கட்டாயமாக்கப்பட்டன.

தோற்ற மாற்றங்கள்

* மட்கார்டுகளை நீக்கல்: எடையைக் குறைக்கச் செய்யப்பட்டது.
* சாப்பிங்: கூரைத் தூண்களை வெட்டிக் கூரையைத் தாழ்த்துதல். முன்புறப் பரப்புக் குறைவதால் காற்றுத் தடை குறையும்.
* சேனலிங்: உடற்பகுதியின் தளத்தை வெட்டி, அதனைச் சேசிஸ் மீது கீழிறக்குதல்.
* முன்சரிவு: பின்புறம் பெரிய சக்கரங்களும் முன்புறம் தாழ்த்தப்பட்ட ஆக்சிலும் பொருத்துவதால் ஏற்படும் சாய்வு. பெரிய பின்சக்கரம், ஒரே சுழற்சியில் கூடுதல் தொலைவு செல்ல உதவுகிறது.

தீச்சுடர் ஓவியம், மெல்லிய கோட்டு ஓவியம், குரோமியப் பூச்சு போன்றவை முற்றிலும் அலங்காரத்துக்கானவை. கோட்டு ஓவியத்தில் வான் டச்சு, புதுமையான உடல் வடிவமைப்பில் எட் ராத் ஆகியோர் புகழ்பெற்றனர். வேகத்தை விட அழகுக்கே முதன்மை தந்து மாற்றப்படும் வண்டிகள் "கஸ்டம்" எனத் தனி வகையாகக் கொள்ளப்படுகின்றன.

பண்பாட்டில்

ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய "அமெரிக்கன் கிராஃபிட்டி" (1973) திரைப்படத்தில் இடம்பெற்ற மஞ்சள் நிற 1932 ஃபோர்டு பெரும் புகழ் பெற்றது. 2014 இல் ஐக்கிய அமெரிக்க அஞ்சல் துறை 1932 ஃபோர்டு ஹாட் ராட்டின் படத்துடன் அஞ்சல் தலைகளை வெளியிட்டது. ஒரு காலத்தில் காவலர்கள் துரத்திய வண்டி, அரசின் அஞ்சல் தலையில் இடம்பெற்றது.

இன்றைய நிலை

பழைய உருக்கு உடற்பகுதிகள் அரிதாகிவிட்டதால், கண்ணாடியிழையாலோ புதிய உருக்காலோ செய்யப்பட்ட நகல்கள் பெருமளவில் பயன்படுகின்றன. கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின், குளிரூட்டி ஆகியவற்றுடன் அமைவன பொதுவாக "ஸ்ட்ரீட் ராட்" எனப்படுகின்றன. மற்றொரு சாரார், பழைய காலத்துப் பாகங்களையும் முறைகளையும் மட்டுமே ஏற்கின்றனர்.

பொன்னவில் சமவெளியின் உப்புப் படலம் காலப்போக்கில் மெலிந்து வந்துள்ளது. மழை நீராலும் உப்புப் பரப்பின் நிலையாலும் 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் வேக வாரம் கைவிடப்பட்டது. எஞ்சினையும் உடற்பகுதியையும் பட்டறையில் மீண்டும் செய்துகொள்ள இயலும். அவற்றைச் சோதிக்க வேண்டிய நிலத்தை அவ்வாறு செய்ய இயலாது என்பதால், அதனைப் பாதுகாப்பது ஹாட் ராட் ஆர்வலர்களின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்றாகியுள்ளது.