வெயிலும் மெழுகும்: மேற்குச் சென்னைப் புறநகரில் மகிழுந்து வண்ணப்பூச்சுப் பாதுகாப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புதிய மகிழுந்தின் வண்ணப்பூச்சைக் கடும் வெயிலிலிருந்து காக்க மெழுகு பூசவேண்டும் என்பது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குச் சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் பரவலாக நிலவும் நம்பிக்கை. இந்நம்பிக்கை எப்பூச்சு வகையின் காலத்தில் பொருளுடையதாக இருந்தது, பூச்சு வகை மாறிய பின்னர் அதன் பொருள் எவ்வாறு மாறியது என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஒற்றைப் பூச்சுக் காலத்தில் மெழுகு வெயிலுக்கு எதிரான இன்றியமையாத காப்பாக இருந்தது என்பதும், தெளிபூச்சுக் காலத்தில் அது நீர்க்கறை, பறவை எச்சம், தூசு ஆகியவற்றுக்கு எதிரான இழப்புப் படலமாக மாறியது என்பதும், பழைய அறிவுரைகள் இம்மாற்றத்தை உணராது தொடர்வதால் இழப்பு நேர்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: அம்பத்தூர், ஆவடி, வண்ணப்பூச்சு, மெழுகு, தெளிபூச்சு, பட்டறை வழக்கு, தொழில் வரலாறு.

முன்னுரை

மேற்குச் சென்னையின் தொழில் வரலாறு பெரும்பாலும் உற்பத்தியின் வரலாறாகவே சொல்லப்பட்டு வருகிறது. எந்த ஆண்டில் எந்த ஆலை தொடங்கப்பெற்றது, அங்கு என்ன செய்யப்பட்டது என்பனவே அவ்வரலாற்றின் முதன்மைக் கூறுகள். செய்யப்பட்ட பொருள் மக்கள் கைக்கு வந்தபின் எவ்வாறு பேணப்பட்டது என்பது மிகக் குறைந்த கவனத்தையே பெற்றுள்ளது. பேணுதலுக்கும் நுட்பம் உண்டு, கலைச்சொல் உண்டு, தலைமுறைவழிக் கையளிப்பு உண்டு. மகிழுந்தின் மேற்பூச்சுக்கு மெழுகிடும் வழக்கம் அத்தகையதொரு பேணுதல் அறிவு. அதன் வரலாற்றைப் பூச்சு வேதியியலின் மாற்றங்களோடு இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வண்டிப் பூச்சிலிருந்து டூகோ வரை

சென்னையில் மோட்டார் வண்டிக்கு முந்தையது குதிரை வண்டிக் கட்டுமானத் தொழில். 1840-இல் தொடங்கப்பெற்ற சிம்சன் நிறுவனம் அத்தொழிலில் பெயர்பெற்றது. அந்நிறுவனத்தைச் சார்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவி மகிழுந்து ஒன்றைச் சென்னையில் உருவாக்கினார். குதிரை வண்டிகளுக்கு ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட வண்ணமும், அதன்மேல் பிசின் கலந்த வார்னிஷும் அடுக்கடுக்காகப் பூசப்பட்டன. ஒவ்வோர் அடுக்கும் உலர்ந்து, தேய்க்கப்பட்ட பின்னரே அடுத்த அடுக்கு பூசப்பட்டதால் ஒரு வண்டியின் பூச்சு நிறைவுற வாரக்கணக்கில் காலம் பிடித்தது. தொடக்ககால மோட்டார் வண்டிகளும் இம்முறையையே பின்பற்றின.

1923-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான 'டூகோ' பூச்சை அறிமுகம் செய்தது. தெளிப்பான் கொண்டு பூசத்தக்கதும் விரைவில் உலர்வதுமான இப்பூச்சு, வாரக்கணக்கான வேலையை மிகக் குறுகிய காலத்திற்குள் அடக்கியது. ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரான 'டூகோ', காலப்போக்கில் இந்தியப் பட்டறைகளில் தெளித்துப் பூசும் வண்ணம் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. 'டூகோ பெயின்ட்' என்னும் வழக்கு தமிழகப் பட்டறைகளில் அப்பொருளிலேயே வழங்கி வருகிறது. பொருள் மறைந்த பின்னும் பெயர் நிலைபெறுவதற்கு இது சான்று. அறிவுரைகளும் இவ்வாறே நிலைபெறும் என்பது பின்னர்க் காட்டப்படும்.

2. அம்பத்தூர், பாடி, ஆவடி: தொழில் வளையத்தின் தோற்றம்

விடுதலைக்குப் பின் மேற்குச் சென்னை மோட்டார் உதிரிப்பாகத் தொழிலின் நிலைக்களமாயிற்று. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1959-இல் டன்லப் டயர் ஆலை அங்கு வந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா 1960-இலும், லூகாஸ் டிவிஎஸ் 1961-இலும், சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1962-இலும் தோன்றின. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. சக்கரம், பிரேக், மின்கருவி ஆகியவை செய்த பேராலைகளைச் சுற்றி அச்சு, முலாம், வண்ணப்பூச்சு வேலைகளைச் செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. உலோகத் தகட்டை உப்புத்தாள் கொண்டு தேய்த்தல், பட்டி வைத்தல், அடிப்பூச்சிடுதல், தெளித்தல், மெருகேற்றுதல் என்னும் தொழில் வரிசை இப்பகுதித் தொழிலாளரிடையே பொது அறிவாகப் பரவியதற்கு இச்சூழல் வழிவகுத்தது.

ஆவடியின் நிலை இதனின்று வேறுபட்டது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா பீரங்கி வண்டி உருவாயிற்று. போர் ஊர்திக்குப் பூசப்படும் வண்ணம் ஒளியை எதிரொளிக்கக் கூடாது. பளபளப்பு அங்கு குற்றம். மாறாக, அதே ஊரின் குடியிருப்பில் நிறுத்தப்பட்ட மகிழுந்துக்குப் பளபளப்பே தகுதியின் அடையாளம். ஒரே ஊரில் பூச்சின் இரு வேறு மதிப்பீடுகள் அருகருகே நிலவின என்பது கருதத்தக்கது. மேற்பூச்சின் ஒளிர்வு என்பது பொருளின் இயற்கைப் பண்பு மட்டுமன்று. பயன்பாடும் சமூக மதிப்பும் வகுத்த பண்பு என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

3. ஒற்றைப் பூச்சுக் காலமும் மெழுகின் தேவையும்

அம்பாசடர், பிரிமியர் பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை சாலைகளை ஆண்ட காலத்தில், மகிழுந்து வாங்கப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்தது. கிடைத்த வண்டி நெடுங்காலம் உழைக்கவேண்டும் என்னும் எண்ணம் உரிமையாளரிடம் வலுவாக இருந்தது. அக்கால வண்டிகளின் பூச்சு பெரும்பாலும் ஒற்றைப் பூச்சு. அதாவது, நிறமி கலந்த அடுக்கே வெளியடுக்காகவும் அமைந்தது. வெயிலும் காற்றும் நேரடியாக நிறமியையும் அதைப் பிணைக்கும் பிசினையும் தாக்கின.

இத்தாக்குதலின் இயக்கம் நன்கு அறியப்பட்டது. புறஊதாக் கதிர் பிசினின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை முறிக்கிறது; உயிர்வளி அம்முறிவை வளர்க்கிறது. வெண்பூச்சில் உள்ள டைட்டானியம் ஈராக்சைடு புறஊதா ஒளியில் தானே வினையூக்கியாகச் செயற்பட்டுப் பிசினைச் சிதைக்கக்கூடியது. பிணைப்பை இழந்த நிறமித் துகள்கள் மேற்பரப்பில் வெண்பொடியாய்ப் படிகின்றன. விரலால் தடவினால் சுண்ணாம்பு போல் ஒட்டும் இந்நிலை, பழைய வண்டி வைத்திருந்தோர் அனைவரும் கண்டது. சிவப்பு வண்டி இளஞ்சிவப்பாக வெளுத்ததும் இதனாலேயே.

இதற்குப் பட்டறை கண்ட தீர்வு இரண்டு படிகளைக் கொண்டது. முதலில் 'காம்பவுண்டு' எனப்படும் அரைபொடிப் பசையால் தேய்த்து, செத்த மேலடுக்கை நீக்கினர். அடியில் இருந்த உயிருள்ள வண்ணம் வெளிப்பட்டது. பின்னர் மெழுகிட்டு, காற்றும் நீரும் அவ்வண்ணத்தை விரைந்து அணுகாதவாறு மூடினர். ஒற்றைப் பூச்சு தடித்தது. அடிமுதல் மேல்வரை ஒரே நிறமுடையது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்தாலும் உடனடி இழப்பு தெரியவில்லை. 'தேய்த்து மெழுகிடு' என்னும் அறிவுரை இச்சூழலில் முற்றிலும் பொருத்தமானது.

மெழுகின் தேர்வும் வெப்பத்தோடு தொடர்புடையது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் பனை வகையின் இலையிலிருந்து பெறப்படும் கார்னாபா மெழுகு 82 முதல் 86 பாகையில் உருகும். வெயிலில் நிற்கும் கருநிற வண்டியின் மேற்கூரை 70 பாகையை எட்டக்கூடும். ஆகவே மென்மெழுகு மட்டும் பூசினால் நண்பகலில் இளகித் தூசைப் பற்றிக்கொள்ளும். கார்னாபா கலந்தால் இறுக்கம் பெறும். மென்மெழுகுடன் வன்பொருள் கலந்து இறுக்கும் உத்தி தமிழகத்திற்குப் புதிதன்று. சுவாமிமலைச் சிற்பிகள் படிமம் வார்ப்பதற்குத் தேன்மெழுகுடன் குங்கிலியம் சேர்ப்பது இதே தேவையின்பாற்பட்டது. ஆனால் வார்ப்பில் மெழுகு உருகி வெளியேறுவதற்காக இடப்படுவது. மகிழுந்தின்மீது உருகாமல் நிற்பதற்காக இடப்படுவது.

4. தெளிபூச்சின் வருகை

1991-இன் பொருளாதார மாற்றங்களையும், 1993-இல் மகிழுந்துத் தொழிலுக்கு உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதையும் தொடர்ந்து சென்னையைச் சுற்றிப் புதிய ஆலைகள் எழுந்தன. பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. மறைமலைநகரில் ஃபோர்டு 1999-இல் ஐகானை வெளியிட்டது.

இவ்வாலைகளோடு பூச்சின் கட்டமைப்பும் மாறியது. தகடு முதலில் மின்படிவு முறையில் துருக்காப்பு பெறுகிறது. அதன்மேல் இடைப்பூச்சும், நிறமி கொண்ட வண்ணப்பூச்சும், இறுதியில் நிறமற்ற தெளிபூச்சும் இடப்பட்டு உலையில் சுடப்படுகின்றன. தெளிபூச்சின் தடிப்பு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். தலைமயிரின் தடிப்பினும் குறைவு. புறஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களும், சிதைவு வினையைத் தடுக்கும் நிலைப்படுத்திகளும் இவ்வடுக்கிலேயே கலக்கப்பட்டுள்ளன. வெயிலைத் தடுக்கும் பணி மெழுகிடமிருந்து தெளிபூச்சுக்கு மாறியது என்பதே இதன் பொருள். மெழுகுப் படலம் மிக மெல்லியது. புறஊதாக் கதிரைத் தடுப்பதில் அதன் பங்கு சிறிது.

அவ்வாறாயின் மெழுகு வேண்டாததாகி விட்டதா? இல்லை. அதன் எதிரி மாறியது.

5. வெயில், நீர், நிழல்

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பாகை வெப்பம் பதிவாயிற்று. கடற்காற்று கரையைக் கடந்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியை அடையக் காலம் தாழ்வதால் இப்பகுதிகளில் நண்பகல் வெப்பம் நீடிக்கிறது. மகிழுந்து அரிதாக இருந்த காலத்தில் மனை வகுக்கப்பட்ட குடியிருப்புகள் பலவற்றில் கூரையுள்ள நிறுத்துமிடம் இல்லை. வண்டி தெருவில் நிற்கிறது. அல்லது மரநிழலைத் தேடுகிறது.

மரநிழல் வெயிலைக் குறைத்துப் பிசினையும் பறவை எச்சத்தையும் தருகிறது. வெப்பத்தில் தெளிபூச்சு சற்று இளகி விரிகிறது. அதன்மேல் எச்சம் உலர்ந்து இறுகுகிறது. மாலையில் பூச்சு குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவம் அதில் தடமாகப் பதிகிறது. நீரும் இவ்வாறே தீங்கு செய்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரால் கழுவப்பட்ட வண்டி வெயிலில் உலரும்போது சுண்ண, மக்னீசிய உப்புகள் வட்டக் கறைகளாய்த் தங்குகின்றன. தொழிற்பேட்டைச் சூழலின் இரும்புத் துகள் பூச்சில் பதிந்து துருப்புள்ளி ஆகிறது. இவற்றை முதலில் ஏற்றுத் தான் தேய்ந்து அடிப்பூச்சைக் காக்கும் இழப்புப் படலமாக மெழுகு இன்று செயற்படுகிறது. நீர் திரண்டு வழிவதால் கறை குறைகிறது. தூசு எளிதில் நீங்குவதால் கழுவ நீரும் குறைவாகவே தேவைப்படுகிறது.

பின்னைய பயன் இப்பகுதிக்குச் சிறப்பாக உரியது. 2019 கோடையில் பூந்தமல்லியை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரி உட்படச் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. மக்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர். அத்தகைய கோடையில் மகிழுந்தைக் கழுவுதல் தனிமனித விருப்பம் என்னும் எல்லையைக் கடந்து பொதுநீதி சார்ந்த வினாவாகிறது. நீரைச் சேமிக்க உலர்துணியால் துடைக்கும் வழக்கமோ தூசையே அரைபொடியாக்கித் தெளிபூச்சில் நுண்கீறல்களை உண்டாக்குகிறது.

6. காலங்கடந்த அறிவுரைகள்

பட்டறை மரபில் வழங்கும் இரு அறிவுரைகள் இங்கு ஆராயத்தக்கவை. முதலாவது, புதிய பூச்சுக்குச் சில மாதம் மெழுகிடலாகாது என்பது. பட்டறையில் காற்றில் உலர்த்தப்பட்ட பூச்சிலிருந்து கரைப்பான் முழுதும் வெளியேறக் காலம் தேவைப்பட்டதால் இது தோன்றியது. மறுபூச்சு செய்த வண்டிக்கு இன்றும் பொருந்தும். ஆலையில் உலையிற் சுடப்பட்ட பூச்சுக்குப் பொருந்தாது. புதிய வண்டிக்கு உடனே மெழுகிடலாம்.

இரண்டாவது, ஆண்டுதோறும் தேய்த்து மெழுகிடவேண்டும் என்பது. இதுவே தீங்கு மிக்கது. ஒவ்வொரு முறை அரைபொடியால் தேய்க்கும்போதும் தெளிபூச்சின் ஒரு பகுதி நீங்குகிறது. அதனோடு புறஊதாக் காப்பும் நீங்குகிறது. வெயிலிலிருந்து காப்பதாகக் கருதிச் செய்யப்படும் செயல் வெயிலுக்கே வழிதிறக்கிறது. கூரையிலும் முன்மூடியிலும் தெளிபூச்சு செதிலாய் உரியும் நிலையை மெருகால் மீட்க இயலாது; மறுபூச்சே வழி. 'மெருகு', 'மெழுகு' என்னும் இரண்டும் வணிக வழக்கில் ஒன்றாக மயங்குவது இவ்விழப்பிற்குத் துணைபோகிறது. மெருகு எடுப்பது, மெழுகு இடுவது.

இவற்றுக்கு மாறாக, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது மெழுகிடவேண்டும் என்னும் மூன்றாம் அறிவுரை எல்லாக் காலத்திற்கும் பொருந்துகிறது. சூடான தகட்டில் கரைப்பான் விரைந்து ஆவியாகி மெழுகு திட்டாய் இறுகுவதே காரணம். இது பூச்சின் வகையைச் சாராமல் மெழுகின் இயல்பைச் சார்ந்ததாதலின் நிலைத்தது.

முடிவுரை

மேற்குச் சென்னைப் புறநகரில் மெழுகிடும் வழக்கம் தொடர்ச்சியுடையது. ஆனால் அதன் காரணம் தொடர்ச்சியற்றது. ஒற்றைப் பூச்சுக் காலத்தில் வெயிலுக்குக் காப்பாக இருந்த மெழுகு, 1990களின் இறுதி முதல் கறைக்கும் தூசுக்கும் காப்பாக மாறியது. செயல் அப்படியே நீடித்ததால் காரணத்தின் மாற்றம் கண்ணுக்குப் புலப்படவில்லை. பட்டறைத் தொழிலாளரின் அறிவு தவறானதன்று. அது தான் பிறந்த காலத்துப் பொருளுக்கு உண்மையாக இருந்தது. பொருளை மாற்றிய தொழில்துறை, அம்மாற்றத்தின் விளக்கத்தைத் தமிழில் அத்தொழிலாளரிடமும் பயனரிடமும் கொண்டு சேர்க்காமையே இடைவெளிக்குக் காரணமெனக் கருத இடமுண்டு. ஆலைகள் தொடங்கிய ஆண்டுகளோடு, அவ்வாலைப் பொருள்களைப் பேணிய கைகளின் அறிவும் ஆவணப்படுத்தப்படும்போதே இப்பகுதியின் தொழில் வரலாறு முழுமை பெறும்.